ஃபைட்டர் 3, விசார்ட் 3: ஒரே நேரத்தில் ரெண்டு சீட்டு கட்டிய கதை

பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கி நங்கநல்லூர்ப் பக்கம் பத்து நிமிடம் நடந்தால் என் சித்தி வீடு. மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ரூம் இருக்கிறது. மே மாதம் அதற்குள் உட்காருவதும் இட்லிப் பானைக்குள் உட்காருவதும் ஒன்றுதான். ஆனாலும் ஒன்றரை வருடமாக ஞாயிறு மதியம் நான் அங்கேதான் இருக்கிறேன். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, டைஸ் உருட்டி ஆடும் ஒரு கதை விளையாட்டு. அதில் சித்தி மகன் டிஎம், அதாவது கதையையும் அரக்கர்களையும் நடத்துகிறவன். அவனுடைய காலேஜ் நண்பர்கள் மூன்று பேர், அவன் ஆபீஸ் சீனியர் ஒருவர், அப்புறம் நான். எனக்கு வயது 41. கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். "ஒரு ஆள் குறையுதுக்கா, ஒரே ஒரு வாரம் வாங்க" என்று கூப்பிட்டான். ஒரே ஒரு வாரம்!

நான் எழுதப்போவது அந்த விளையாட்டின், அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின், விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைப் பற்றி. அதிலும் முழுப் புத்தகத்தைப் பற்றி இல்லை, மல்டிகிளாஸ் பகுதியை மட்டும். 2014 பதிப்பு சித்தி மகனுடையது. 2024 செப்டம்பரில் வந்த புதுப் பதிப்பை நான் என் காசில் வாங்கினேன். வாங்கியதற்குக் காரணமே இந்த மல்டிகிளாஸ்தான். அதில் மாட்டிக்கொண்டு ஆறு மாதம் முழித்தேன். புதுசில் சரிசெய்திருப்பார்கள் என்று ஒரு நப்பாசை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புத்தகத்தில் 12 கிளாஸ். ஃபைட்டர் என்றால் சண்டைக்காரர், விசார்ட் என்றால் ஏடு படித்து மந்திரம் கற்றவர், கிளெரிக் என்றால் தெய்வத்தின் அருளால் மந்திரம் செய்பவர், இப்படி. ஒன்றை எடுத்துக்கொண்டு 1வது லெவலில் ஆரம்பித்து 20 வரை ஏறலாம். ஏறும்போது அதே கிளாஸில் ஏறாமல் வேறு கிளாஸில் ஒரு லெவல் எடுத்தால் அது மல்டிகிளாஸ். நிபந்தனை ஒன்றுதான். இருக்கிற கிளாஸுக்கும் சேரப்போகிற கிளாஸுக்கும் முக்கியமான திறன் குறைந்தது 13 இருக்க வேண்டும். விசார்டுக்கு அறிவு 13, ஃபைட்டருக்கு பலம் அல்லது சுறுசுறுப்பு 13.

இந்த விளையாட்டு 1974இல் வந்தது. பழைய பதிப்புகளில் இது இவ்வளவு சுலபமில்லை என்று ஆபீஸ் சீனியர் சொல்வார், அவர் பழைய பதிப்பெல்லாம் கரைத்துக் குடித்தவர். அப்போது எல்ஃப், குள்ளர் மாதிரி மனிதர் அல்லாதவர்கள்தான் ஒரே நேரத்தில் ரெண்டு கிளாஸில் ஏறலாம், லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு. மனிதர் என்றால் பழைய கிளாஸை அப்படியே விட்டுவிட்டுப் புதுசில் 1வது லெவலிலிருந்து தொடங்கவேண்டும். அதற்கும் பழைய கிளாஸின் திறன் 15, புது கிளாஸின் திறன் 17 வேண்டும். புதியது பழையதைத் தாண்டும்வரை பழைய வித்தையைத் தொட்டால் அந்தச் சண்டைக்குப் புள்ளி கிடையாது. நினைத்த லெவலில் நினைத்த கிளாஸ் என்ற தாராளம் 2000இல் மூன்றாம் பதிப்போடு வந்தது. எனக்கென்னவோ அந்தக் காலத்துக் கெடுபிடியில் ஒரு நியாயம் இருந்ததாகத் தோன்றுகிறது. வலிக்கப்போகிறது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

என் கேரக்டர் பெயர் கொற்றன். மனிதன், கோட்டைக் காவலாளி, ராத்திரி டியூட்டியில் மந்திர ஏடு படித்தவன். முதல் லெவல் ஃபைட்டர் எடுத்தேன், அது நல்ல முடிவு. ஃபைட்டராகத் தொடங்கினால் கனமான கவசம் போடலாம், உடல் வலிமைக்கான தற்காப்பு உருட்டலிலும், அதாவது ஆபத்திலிருந்து தப்ப டைஸ் உருட்டுவதிலும், தேர்ச்சி வரும். பின்னால் வந்து ஃபைட்டரில் சேர்ந்தால் இந்த ரெண்டும் கிடைக்காது. தேர்ச்சி இருக்கிற கவசத்தைப் போட்டுக்கொண்டு மந்திரமும் செய்யலாம். என் மேல் அடி விழ எதிரி டைஸில் எட்டவேண்டிய எண், சங்கிலிக் கவசம் 16, கேடயம் 2, மொத்தம் 18. மேலே 'ஷீல்டு' மந்திரம் போட்டால் அடுத்த முறை என் கை வரும்வரை இன்னும் 5. மொத்தம் 23. எங்கள் டீமில் யாருக்கும் இவ்வளவு கிடையாது. ரெண்டு வாரம் நான் தலைகால் புரியாமல் ஆடினேன்.

அப்புறம் டிஎம் கேட்டான்.

"அக்கா, ஒரு கையில கேடயம். இன்னொரு கையில வாள். மந்திரத்துக்கு முத்திரை காட்டணுமே, எந்தக் கையில காட்டுவீங்க?"

புத்தகத்தைப் புரட்டினேன். கை காலியாக இருக்கவேண்டும் என்று இருந்தது. அதாவது 23 வேண்டும் என்றால் வாளை உறையில் போட்டுவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். இதைச் சமாளிக்க 'வார் கேஸ்டர்' என்று ஒரு சிறப்புத் திறன் இருக்கிறது, அதை எப்போது எடுக்கலாம் என்று பார்த்தபோதுதான் நான் செய்த பெரிய தப்பு எனக்கே தெரிந்தது.

நான் இரண்டு கிளாஸுக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் அப்பம் பிட்டுக் கொடுத்திருந்தேன். ஃபைட்டரில் ஒன்று, விசார்டில் ஒன்று, மறுபடி ஃபைட்டரில் ஒன்று. மொத்தம் 6வது லெவல் வந்தபோது 3, 3. பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் இந்த விளையாட்டில் நல்லது எல்லாம் கிளாஸ் லெவல் கணக்கில்தான் வருகிறது. திறனை ஏற்றுவதோ சிறப்புத் திறன் எடுப்பதோ அந்தந்த கிளாஸில் 4வது லெவலில். ஃபைட்டருக்கு ஒரே முறையில் ரெண்டு அடி 5வது லெவலில். விசார்டுக்கு 'ஃபயர்பால்' என்ற தீப்பந்து மந்திரம் 5வது லெவலில். ரெண்டு சீட்டு கட்டுகிறவர்களுக்கு இது புரியும். மாதாமாதம் கட்டுவது என்னவோ முழுத் தொகைதான், ஆனால் பாதி இங்கே பாதி அங்கே. ரெண்டிலும் பாதித் தவணைதான் கட்டியிருக்கிறோம், ரெண்டு சீட்டும் நம் கைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரே சீட்டைக் கட்டி எடுத்து ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டார். மொத்த லெவலைப் பார்த்து ஏறுவதில் முக்கியமானது, தேர்ச்சி உள்ளவற்றில் டைஸோடு கூட்டிக்கொள்ளும் தேர்ச்சி போனஸ். அதில் எனக்குக் குறை வைக்கவில்லை, எல்லோரையும் போல +3.

உயிர்ப் புள்ளியும் பரவாயில்லை. எனக்கு 46. அதே உடல் வலிமையில் முழு ஃபைட்டராக இருந்தால் 52, முழு விசார்டாக இருந்தால் 38. ஆக, நடுவில்தான் நின்றேன். அடி வாங்குவதில் நடுவில் நிற்கலாம். அடி கொடுப்பதில் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன்.

ஒரு மரப்பாலம், எதிர்ப்பக்கம் மூன்று ஓக்ர். ஓக்ர் என்பது மந்த புத்தி ராட்சசன், ஒன்றுக்கு 59 உயிர்ப் புள்ளி. பாலத்துக்கு சித்தி வீட்டு ஸ்கேல், ஓக்ருக்கு மூன்று பத்து ரூபாய்க் காசு. முதலில் சோர்சரர், அதாவது பிறவியிலேயே மந்திரம் வந்தவராக ஆடும் பையன் ஃபயர்பால் போட்டான். எட்டு ஆறுபக்க டைஸ், 31 வந்தது. மூன்று காசும் ஒரே நேரத்தில் வாங்கின. அடுத்து பார்பேரியன், அதாவது வெறியேறிச் சண்டை போடுகிறவராக ஆடும் பையன், இரண்டு அடி, இரண்டும் விழுந்தது. என் முறை. 'ஷாட்டர்' மந்திரம் போட்டேன், என்னிடம் இருந்ததிலேயே பெரியது அதுதான். மூன்று எட்டுபக்க டைஸில் 11 வந்தது. பக்கத்தில் நின்ற ஓக்ர் தற்காப்பு உருட்டலில் ஜெயித்துவிட்டது, பாதிதான் விழும். 5. அடுத்த சுற்றில் வாளை உருவி ஒரே ஒரு வெட்டு, 7.

"அவ்ளோதானாக்கா?" என்றான் சோர்சரர். கிண்டலுக்கு இல்லை. நிஜமாகவே இன்னும் ஏதோ இருக்கும் என்று காத்திருந்தான்.

பஜ்ஜி கொண்டுவந்த சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலா நின்னா அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனாள். டைஸைத் தொட்டதே கிடையாது. 2014 புத்தகத்தின் மல்டிகிளாஸ் பக்கங்களில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

என் புகாரே அதுதான். விதி ஏமாற்றவில்லை, எல்லாக் கணக்கும் அச்சில் இருக்கிறது. ஆனால் சேருவதற்கு என்ன தகுதி, சேர்ந்தால் உடனே என்ன கிடைக்கும் என்று அட்டவணை போட்டவர்கள், எது எவ்வளவு தள்ளிப்போகும் என்று ஒரு அட்டவணை போடவில்லை. ரெண்டுங்கெட்டானாக ஆறேழு மாதம் உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்பது ஓக்ர் வந்து சொல்லித்தான் தெரிகிறது.

மந்திர ஸ்லாட், அதாவது எந்த நிலை மந்திரத்தை எத்தனை முறை போடலாம் என்ற கணக்கில் இன்னொரு கூத்து. ஆபீஸ் சீனியர் கிளெரிக் 3, விசார்ட் 2. இரண்டுமே முழு மந்திர கிளாஸ் என்பதால் ரெண்டையும் கூட்டி 5வது லெவல் ஆளுக்கு உரிய ஸ்லாட் கிடைக்கும். 1ஆம் நிலையில் 4, 2ஆம் நிலையில் 3, 3ஆம் நிலையில் 2. மனிதர் சந்தோஷமாக "3ஆம் நிலை வந்துடுச்சு, ஃபயர்பால் எழுதிக்கட்டுமா?" என்றார். முடியாது. எந்த மந்திரம் கற்கலாம் என்பதை ஒவ்வொரு கிளாஸையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கிளெரிக் 3 என்றால் 2ஆம் நிலை வரை, விசார்ட் 2 என்றால் 1ஆம் நிலைதான். மூன்றடுக்கு டிபன் கேரியர் கொடுத்து, மேலடுக்கில் வைக்க ஒன்றுமில்லை என்ற மாதிரி. கீழடுக்குச் சாப்பாட்டையே மேலே போட்டு நிரப்பிக்கொள்ளலாம். காயம் ஆற்றும் 1ஆம் நிலை மந்திரத்தை 3ஆம் நிலை ஸ்லாட்டில் போட்டால் கூடுதலாக ரெண்டு டைஸ் ஆறும். அவர் அப்படித்தான் ஓட்டுகிறார், குறையொன்றும் இல்லை என்கிறார். அவருக்குப் பொறுமை அதிகம்.

இதில் 'லெவல்' என்ற ஒரே வார்த்தை ஆளுக்கும் கிளாஸுக்கும் மந்திரத்துக்கும் பொதுவாக இருப்பது பெரிய இம்சை. நான் மேலே மந்திரத்துக்கு 'நிலை' என்று எழுதியது அதனால்தான். புதுப் பதிப்பிலும் இதை மாற்றவில்லை.

சரி, புதுப் பதிப்புக்கு வருவோம். ஆன்லைனில் வாங்கினேன். அட்டையின் ஒரு மூலை மடங்கி வந்தது, விற்றவர் பெயர் எதற்கு, பதிலே வரவில்லை. அச்சு விலை 49.99 டாலர், 384 பக்கம், பழையது 320. படங்கள் அருமை, என் கண்ணுக்கு எழுத்தும் தோது. பழையதில் மல்டிகிளாஸ் என்பது 6ஆம் அத்தியாயத்தில், டிஎம் சம்மதித்தால் மட்டும் என்ற விருப்ப விதி. எந்த கிளாஸில் சேர்ந்தால் என்ன தேர்ச்சி என்று பார்க்க முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். புதுசில் ஒவ்வொரு கிளாஸின் தொடக்கத்திலேயே, முதல் லெவலில் வந்தால் இது, மல்டிகிளாஸாக வந்தால் இது என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். கணக்கு எழுதுகிறவளாக இதற்கு ஒரு சபாஷ்.

விதியில் செய்த பெரிய மாற்றம், கிளாஸுக்குள் நாம் தேர்ந்தெடுக்கும் துணைப் பிரிவு எல்லோருக்கும் 3வது லெவலில்தான். இது சின்ன விஷயம் இல்லை. 2017இல் வந்த ஒரு துணைப் புத்தகத்தில் வார்லாக்குக்கு 'ஹெக்ஸ்பிளேடு' என்று ஒரு பிரிவு வந்தது. முதல் லெவலிலேயே பலத்துக்குப் பதில் வசீகரத்தை வைத்து வாள் வீசலாம். வசீகரத்தை நம்பியிருக்கிற பாலடின்கள் எல்லாம் ஓடிப்போய் ஒரே ஒரு லெவல் வார்லாக் எடுத்தார்கள். எங்கள் பாலடின் பையனும் எடுத்தான். தெய்வத்துக்குச் சத்தியம் செய்த கையோடு எங்கோ ஒரு பாதாள சக்தியிடமும் ஒப்பந்தம் போட்டாயே, கதையில் இதற்கு என்ன காரணம் என்று டிஎம் கேட்டதற்கு, "குடும்பக் கஷ்டம்" என்றான். புதுப் புத்தகத்தில் வசீகரத்தால் வாள் வீசுவது மட்டும் வார்லாக் முதல் லெவலில் இன்னும் கிடைக்கிறது, ஆனால் பிரிவு வேண்டுமென்றால் மூன்று தவணை கட்டியாக வேண்டும். அடியோடு தெய்வ சக்தியைச் சேர்க்கும் பாலடினின் 'ஸ்மைட்'டும் இப்போது ஒரு மந்திரமாகி, ஒரு முறைக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன் கேட்கிறது. ஒரே முறையில் அடிக்கு அடி ஸ்மைட் என்று கொட்டித் தீர்த்த காலம் போயிற்று. அவன் அழுதான், நான் கொஞ்சம் மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சி நாலு வாரம் நீடித்தது. புது விதிகளைப் பார்க்க ஒரு சின்னக் கதை ஆடினோம், கொற்றனின் தங்கையாக ஃபைட்டர் 2, விசார்ட் 3 போட்டேன். பழைய விதியில் எனக்கு இருந்த ஒரே பெருமை 'ஆக்‌ஷன் சர்ஜ்'. ஃபைட்டர் 2வது லெவலில் வருவது, இன்னொரு ஆக்‌ஷன் கூடுதல். ஒருமுறை நிலவறையில் எலும்புக்கூடுகள் சூழ்ந்தபோது கொற்றன் ஒரே முறையில் ரெண்டு ஷாட்டர் போட்டான். எலும்பு தெறித்த அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் நான் இந்தக் கூட்டணியைக் கலைக்காமல் வைத்திருந்தேன். தங்கையும் அதையே செய்யப்போனாள்.

"அக்கா, அந்த வரியை முழுசாப் படிங்க" என்றான் டிஎம்.

கூடுதல் ஆக்‌ஷன் உண்டு, மந்திரத்துக்கு மட்டும் கிடையாது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆறிப்போன காபியைக் குடித்தேன். காரணம் புரிகிறது. முழு விசார்ட்கள் எல்லாம் ரெண்டு லெவலுக்கு ஃபைட்டர் வீட்டுக்கு வந்து இந்த ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். பணக்காரர்களைத் தடுக்கப் போட்ட பூட்டு ஏழையான என் கையில் மாட்டிக்கொண்டது. 4வது லெவலில் திறன், 5இல் இரட்டை அடி, ரெண்டு கிளாஸிலிருந்து இரட்டை அடி வந்தாலும் ஒன்றுதான் கணக்கு என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஆக, நடுவில் இருக்கும் பாலைவனத்தை அவர்கள் தொடவில்லை.

எங்கள் டீமில் மல்டிகிளாஸை ஒழுங்காகச் செய்தது பார்பேரியன் பையன்தான். 5 லெவல் பார்பேரியனிலேயே போய் இரட்டை அடியை வாங்கிக்கொண்டு, 6வதில் ரோக், அதாவது பதுங்கித் தாக்குகிறவர். ரோக்கின் மறைமுகத் தாக்குதலுக்கு ரேப்பியர் மாதிரி இலகுவான வாள் வேண்டும், ஆனால் அதைச் சுறுசுறுப்பால்தான் வீசவேண்டும் என்று எங்கும் இல்லை. அவன் ரேப்பியரைப் பலத்தால் வீசுகிறான். கண்மூடித்தனமாகப் பாயும் பார்பேரியன் வித்தையைச் சேர்த்தால் ரெண்டு டைஸ் உருட்டி நல்லதை எடுக்கலாம், மறைமுகத் தாக்குதலுக்கு அதுவே போதும். ஆறரை அடி ஆள் ஓவென்று கத்திக்கொண்டே மறைமுகமாகத் தாக்குகிறான். இதே பார்பேரியனோடு மந்திர கிளாஸ் எதையும் சேர்த்துவிடாதீர்கள், வெறி ஏறியிருக்கும்போது மந்திரம் வேலை செய்யாது.

மல்டிகிளாஸுக்காக மட்டும் புதுப் புத்தகம் வாங்கலாமா என்றால், வேண்டாம். அடிப்படை விதித் தொகுப்பு 5.1ஐ 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார்கள், புது விதிகளுக்கான 5.2உம் 2025இல் வந்துவிட்டது. மல்டிகிளாஸ் பக்கங்கள் அதில் இருக்கின்றன. கிளாஸுக்கு ஒரே துணைப் பிரிவுதான் இருக்கும், பழக அது போதும். நான் வேண்டிய பக்கங்களை மட்டும் சைதாப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்துவைத்திருக்கிறேன். கடைக்காரர் 'பார்பேரியன்' என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, "எந்த எக்ஸாம் மேடம்?" என்று கேட்டார்.

கொற்றன் இப்போது 8வது லெவல். ஓக்ர் பாலத்துக்குப் பிறகு ஃபைட்டர் பக்கமே திரும்பவில்லை. 7வதில், அதாவது விசார்ட் 4இல், வார் கேஸ்டர் எடுத்தேன், வாளும் கேடயமும் கையில் இருக்க முத்திரை காட்டுகிறேன். ஒரே கிளாஸில் ஏறியவர்கள் இந்த வாய்ப்பை 4வது லெவலில் பார்த்தார்கள். போன ஞாயிறு விசார்ட் 5.

கதை தொடங்கிய வாரமே நான் பாண்டி பஜாரில் எட்டு சிவப்பு டைஸ் வாங்கி ஒரு பழைய பெருங்காய டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், ஃபயர்பாலுக்கென்று. ஒன்றரை வருடம் பையில் கடகடத்தது. திறந்ததும் ரூம் முழுக்கப் பெருங்காய வாசனை. எதிரே மறுபடியும் ரெண்டு பத்து ரூபாய்க் காசு. எட்டையும் ரெண்டு கையாலும் குலுக்கிப் போட்டேன். ஒன்று உருண்டு சோர்சரர் பையனின் சட்னிக் கிண்ணத்தில் விழுந்தது. துடைத்துப் பார்த்தால் 1. மொத்தம் 17.

டிஎம் ரெண்டு டைஸ் உருட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டும் சேவ் பண்ணிடுச்சுக்கா. எட்டு."